மூன்றாம் கவுன்டரின் ‘தி’

வீட்டில் அவள் அண்ணி. வகுப்பில் கவுன்டர் அக்கா. அலுவலகத்தில் அதுகூட இல்லை, வெறும் மூணு. “மூணு வந்தாச்சா?” என்பார்கள். “மூணு டீ குடிக்கப் போயிருக்கு” என்பார்கள். சமூக நல அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஐந்து கவுன்டர்கள். கண்ணாடியில் அரைவட்டமாக வெட்டிய ஓட்டைக்குப் பின்னால், மூன்றாவது நாற்காலியில், அவள் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஓட்டை வழியாகக் கைகளும் காகிதங்களும் உள்ளே வரும். முகம் வேண்டுமென்றால் அவள்தான் குனிந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் குனிவதில்லை.

அதே கட்டிடத்தின் நான்காம் மாடியில் கொள்கைப் பிரிவு இருந்தது. யாருக்கு உதவித்தொகை, யாருக்கு இல்லை என்று அங்கே எழுதுவார்கள். அது சுற்றறிக்கையாக நழுவிக் கீழே வரும். ஒரு தடவை கையெழுத்து வாங்க மேலே போனபோது அங்கே ஒரு பெண் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எதிரே யாரும் நிற்காத மேசையில், யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். யோசிப்பதற்குச் சம்பளம்! அன்றைக்கு ஆரம்பித்த ஆசை. மேலே போக முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். முப்பத்தெட்டாவது வயதில், சமூகக் கொள்கை முதுகலையில், மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பெருமை தாங்காமல் கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினான். அவசரத்தில் ஒரு எழுத்து மாறிவிட்டது. “என் மனைவி சமூகக் கொள்ளையில் முதுகலை படிக்கிறாள்” என்று போய்ச் சேர்ந்தது. “அதுக்கு எதுக்கு படிப்பு, ஆபீஸ்லயே கத்துக்கலாமே?” என்று பதில் வந்ததை அவனே வாசித்துக் காட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அது நல்ல வாரம். அந்த ஒரு வாரம்தான் அந்தப் படிப்பு அவளுடையதாக மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் சிட்டு, “நானும் சேர்றேன் அண்ணி” என்றாள்.

சிட்டு அவள் நாத்தனார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது பதினோரு வயதுப் பிள்ளை. தாய் இல்லை. சடை பின்னிவிட்டது, வாய்ப்பாடு ஒப்பித்தது, பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் அண்ணிதான். இப்போது இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அண்ணியே. “என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், நீங்க எழுதுங்க அண்ணி” என்றாள். எழுதினாள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இந்தக் கடா பாயக்கூட இல்லை. பக்கத்தில் வந்து சாதுவாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஒரே சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே படித்தார்கள். கணவன் ஒரு மேசை விளக்கு வாங்கி வந்தான். கழுத்து வளையும் விளக்கு. “ரெண்டு பேருக்கும் பொதுவா” என்று நடுவில் வைத்தான். நான்கே நாளில் அதன் கழுத்து சிட்டுவின் பக்கம் வளைந்திருந்தது. யாரும் வேண்டுமென்று வளைக்கவில்லை. சிட்டு அதிக நேரம் படித்தாள், அதனால் வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. அண்ணி நிழலில் உட்கார்ந்து அடிக்கோடு போட்டாள்.

வகுப்பில் இன்னும் மோசம். பேராசிரியை கேள்வி கேட்டால், அவள் மனதுக்குள் பதிலைக் கோர்த்து, வார்த்தை தேடி, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்குள் சிட்டு சொல்லி முடித்திருப்பாள். நலத்திட்டங்களில் இரண்டு வகைப் பிழை உண்டு என்று ஒரு நாள் பாடம் நடந்தது. தகுதியில்லாதவர் உள்ளே நுழைவது ஒன்று. தகுதியுள்ளவர் வெளியே விடுபடுவது இன்னொன்று. “அரசாங்கம் எதுக்கு அதிகமா பயப்படும்?” என்று பேராசிரியை கேட்டார். கவுன்டர் அக்காவுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் அவள் பதினான்கு வருடமாகச் சோறு தின்கிறாள். வாயைத் திறந்தாள். “முதல் வகைக்கு மேடம். ஏன்னா நுழைஞ்சவங்க பேரு ஃபைல்ல இருக்கும், விடுபட்டவங்க பேரு எங்கயும் இருக்காது” என்றாள் சிட்டு. வகுப்பே ஆகா என்றது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டாள் அண்ணி.

முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அவளுடையதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: “அனுபவம் நிறைய இருக்கிறது. வாதம் எங்கே?” சிட்டுவின் தாளில் ஒரே சொல்: “அருமை.” அந்தச் சொல்லை அவள் தலைகீழாக, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து படித்தாள். தலைகீழாகப் படித்தாலும் வயிறு நேராகத்தான் எரிகிறது.

*

சிட்டு தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எதை? அண்ணியின் அலுவலகத்தையே. பேராசிரியை துறைக்குக் கடிதம் எழுதி, ஒரு வருடத்துக் கவுன்டர் பதிவேடுகளின் நகலைப் பெயர்களை மறைத்து வாங்கிக் கொடுத்தார். “எழுத்து புரியலைன்னா?” என்று கேட்டதற்குச் சிட்டு, “எங்க வீட்டுலயே ஆள் இருக்கு மேடம்” என்றாளாம். ஆள்! வீட்டு ஆள், கூலிக்கு ஆள், எழுத்துக் கூட்ட ஆள்.

அந்தப் பதிவேட்டில் கடைசிப் பத்தி ‘குறிப்பு’. அதில் கவுன்டர்காரர்கள் எழுதுவது மூன்றே எழுத்துகள். ‘ஏ’ என்றால் ஏற்றது. ‘ம’ என்றால் மறுத்தது. ‘தி’ என்றால் திருப்பி அனுப்பியது. ஏதோ ஒரு தாள் குறைகிறது, கொண்டு வா என்று. எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. பழைய ஆள் புது ஆளுக்குக் காட்டிக் கொடுத்தது. மூன்றில் ‘தி’தான் சொகுசு. ‘ம’ போட்டால் காரணம் எழுத வேண்டும், அதிகாரி கையெழுத்து வேண்டும், மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ‘தி’ போட்டால் ஒன்றும் இல்லை. விண்ணப்ப எண்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. மறுத்தால் கணக்கில் வரும், திருப்பினால் வராது.

மதிப்பெண் பட்டியல் வந்த அன்று மாலை. இருபத்திரண்டு பேரில் சிட்டு முதல், அண்ணி பத்தொன்பது. “எங்க வீட்டுக்கு முதல் இடம்!” என்று கணவன் கேக் வாங்கி வந்தான். பத்தொன்பதாவது இடமும் அதே வீட்டில்தான் இருந்தது; அதற்குக் கேக்கில் ஒரு துண்டு கிடைத்தது. தட்டுகளைக் கழுவ அவள் எழுந்து போனாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சிட்டு சத்தமாகக் கேட்டாள்:

“அண்ணி, குறிப்புல ‘தி’ன்னு நிறைய வருதே, அது திருப்திதானே? விவரம் கேட்டுட்டுத் திருப்தியா போயிட்டாங்கன்னு?”

அப்படி நினைக்க நியாயம் இருந்தது. அந்த வருடம்தான் அலுவலகச் சுவர் முழுக்க ‘உங்கள் திருப்தியே எங்கள் பணி’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். அண்ணிக்குக் கேள்வி காதில் நன்றாகவே விழுந்தது. கையிலிருந்த தட்டைத் திருப்பினாள். கேக்கின் பசை போகவில்லை.

“ம்” என்றாள்.

இந்த ஒரு எழுத்துக்கு வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஆமாம் என்றும் ஆகும், கேட்டுக்கொண்டேன் என்றும் ஆகும், சும்மா இரு என்றும் ஆகும்.

நாளைக்கே கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தாள். யாரையாவது கேட்பாள், சிரிப்பார்கள், “அய்யோ, தண்ணி சத்தத்துல எனக்குச் சரியா கேக்கலடா” என்று சொல்லிக்கொள்ளலாம். சிட்டு யாரையும் கேட்கவில்லை. அண்ணி சொன்ன பிறகு யாரைக் கேட்பது? வாரம் ஒன்று போயிற்று, மாதம் ஒன்று போயிற்று, கட்டுரை அந்த எழுத்தின் மேலேயே மாடி கட்டி எழும்பிக்கொண்டிருந்தது. இடிந்து விழட்டும் என்று அவள் நினைத்தாள் என்றால் அது பாதி உண்மை. விழட்டும், விழுந்தால் நான் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன் என்று நினைத்தாள். பதினோரு வயதுப் பிள்ளை முட்டியில் சிராய்த்துக்கொண்டு வருமே, அப்படி ஒரு தடவை வரட்டும்.

அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது. கொள்கைப் பிரிவில் ஓர் ஆய்வு உதவியாளர் இடம், இந்த வகுப்பிலிருந்து ஒருவருக்கு. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பெயர்கள் தேர்வாகியிருந்தன: மதிப்பெண்ணுக்காகச் சிட்டு, பணி அனுபவத்துக்காகக் கவுன்டர் அக்கா. வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் சிட்டு தன் ஆய்வைப் படிப்பாள், அதன் பிறகு முடிவு. அண்ணிக்கு நாற்பது ஆக மூன்று மாதம் இருந்தது. சிட்டுவுக்குப் பதினைந்து வருடம்.

“ஒரு ஆளுக்குத்தான் இடமாம்” என்றான் கணவன் சாப்பிட்டுக்கொண்டே. “ரெண்டு பேரும் ஏறினா லிஃப்ட் பீப் அடிக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, “யார் போனாலும் நம்ம வீடுதானே” என்றான். வீடு போகாது, ஆள்தான் போகும் என்று அவள் சொல்லவில்லை.

*

புதன்கிழமை வகுப்பில் ஒத்திகை. சிட்டு திரையில் ஒரு படம் போட்டாள். ஐந்து கவுன்டருக்கு ஐந்து தூண்கள், உயரம் என்பது ‘திருப்தி’. முதல் கவுன்டரில் நூற்றுக்கு முப்பது, இரண்டாவதில் முப்பத்துநான்கு, நான்கிலும் ஐந்திலும் அதைச் சுற்றி. நடுவில் ஒரு தூண் மட்டும் கூரையை முட்டியது. அறுபத்தொன்று.

“இந்த மூணாவது கவுன்டர் யாருன்னு தெரியுமா?” என்று பேராசிரியை கேட்டார். வகுப்பு திரும்பியது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கவுன்டர் அக்காவைப் பார்த்துக் கை தட்டியது.

இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்க முடியாது. சிலிர்ப்பு அடங்குவதற்குள் தூண் உள்ளே இறங்கியது. நூற்றுக்கு அறுபத்தொரு பேரை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. ஐந்து பேரில் தான்தான் பொறுமைசாலி என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். யாரையும் திட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. மெதுவாக, மரியாதையாகத் திருப்பியிருக்கிறாள்.

“இயக்குநர் கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாராம்” என்றார் பேராசிரியை. “மூணாவது கவுன்டர் முறைன்னு எல்லா அலுவலகத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பலாம்னு யோசிக்கிறார்.”

பஸ்ஸில் சிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். “எப்படி அண்ணி? உங்களைத் தூக்கி உச்சாணில வெச்சுட்டேன் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“மூஞ்சியே சரியில்லையே. இன்னும் ஒரு ரெண்டு பர்சென்ட் கூட்டிப் போட்டிருக்கணுமோ?”

“போதும்டி.”

போதும் என்றாளே தவிர, மனசு போதும் என்று சொல்லவில்லை. அது வேறொரு கணக்குப் போட்டது. வெள்ளிக்கிழமை சிட்டு படித்து முடித்ததும் கேள்வி நேரம். அப்போது கையைத் தூக்கலாம். “அந்த ‘தி’க்கு அர்த்தம் யாரைக் கேட்டீங்க?” என்று, வேற்றாள் மாதிரி, வாங்க போங்க போட்டுக் கேட்கலாம். “உங்களைத்தான் அண்ணி” என்பாள். “நான் ‘ம்’னேன், ஆமான்னு சொல்லலையே” என்றால் முடிந்தது. தன் தூணும் சேர்ந்து விழும், விழட்டும். கீழ்மட்ட ஊழியர் எல்லோரும் செய்வதைத்தானே செய்தாள். சிட்டு விழுவது வேறு. அப்புறம் நான்காம் மாடி ஜன்னல். வியாழக்கிழமை காலை பல் துலக்கும்போது கண்ணாடி முன்னால் அந்தக் கேள்வியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாக வந்தது.

*

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். பிளாஸ்டிக் பையிலிருந்து தாள்கள் வந்தன. விதவை உதவி. கணவனின் இறப்புச் சான்றிதழில் பெயருக்கு நடுவில் ஒற்றெழுத்து ஒன்று கூடுதல். அடையாள அட்டையில் அது இல்லை. அண்ணியின் பேனா குறிப்புப் பத்திக்கு நகர்ந்தது. அது அவளைக் கேட்டு நகர்வதில்லை.

“மேடம், மேடம், அந்த ஒத்தை எழுத்தை மட்டும் போட்டுடாதீங்க.”

“எந்த எழுத்துமா?”

“தலைகீழா இருந்தாலும் எனக்குத் தெரியும். மூணு தடவை போட்டீங்க. நான் தையல்காரி, ஊசி எங்க இறங்குதுன்னு பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். அதை நீங்க போட்டா நான் பஸ் ஏறணும்.” குரல் தாழ்ந்தது. “ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அது... திருடின்னு எழுதறீங்களா?”

கவுன்டர் அக்கா குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஐம்பது வயது முகம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது.

“அய்யய்யோ, என்னம்மா இது? அப்படியெல்லாம் எழுதுவோமா?”

“பேரு மாறியிருக்குன்னு சொன்னீங்க. யார் புருஷனுக்கோ யாரோ பணம் கேட்டு வந்த மாதிரி நினைச்சுட்டீங்கன்னு... என் பொண்ணுகிட்டகூடச் சொல்லல. ‘தி’ன்னா வேற என்ன மேடம்?”

வரிசையில் பின்னால் நின்றவர்களும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது போலிருந்தது. ‘ம்’ என்று சொல்லித் தப்பிக்கிற கேள்வி இல்லை இது.

“திருப்பி அனுப்பினோம்னு அர்த்தம்மா. திரும்ப வாங்கன்னு.”

“அவ்வளவுதானா?” அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். பிறகு சட்டென்று கோபம் வந்தது. “அதை முழுசா எழுதினா பேனா தேஞ்சா போயிடும்?”

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஓர் உறுதிமொழிப் படிவம் உண்டு. மேசையின் கீழ் டிராயரில், பதினான்கு வருடமாக. நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் வரிசை வாசலைத் தாண்டிவிடும். அதனால் அதை எடுப்பதே இல்லை. எடுத்தாள். தூசியைத் தட்டி, அவளே நிரப்பி, ஓட்டை வழியாக நீட்டினாள். ஊசி குத்திய விரல் கையெழுத்துப் போட்டது. குறிப்புப் பத்தியில் ‘ஏ’ என்று எழுதினாள். பின்னாலிருந்து, “மூணுல என்ன, தூங்கிட்டாங்களா?” என்று யாரோ கத்தினார்கள்.

*

அன்று மாலை மேசையில் சிட்டு நாளைக்குப் படிக்க வேண்டியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் அந்த வளையும் விளக்கின் ஸ்விட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு ஏதோ நோண்டிக்கொண்டிருந்தான். அண்ணி நின்றபடியே சொன்னாள்.

“சிட்டு, ‘தி’ன்னா திருப்தி இல்ல. திருப்பி அனுப்பறது.”

சிட்டு நிமிர்ந்தாள். சிரிக்கலாமா என்று பார்த்தாள். அண்ணியின் முகத்தில் அதற்கு இடமில்லை.

“நான் கேட்டேனே அண்ணி.”

“கேட்ட.”

“நீங்க ‘ம்’னீங்களே.”

“‘ம்’னுதான் சொன்னேன். ஆமான்னு...” சொல்ல வந்ததன் அசிங்கம் அவள் காதுக்கே எட்டியது. நிறுத்தினாள். “தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“தண்ணி சத்தத்துல கேட்டிருக்காது” என்றான் கணவன், சமாதானத் தூதனாக.

“நல்லா கேட்டுச்சு” என்றாள் அவள். “நீங்க அந்த ஸ்குரூவைப் பாருங்க.”

சிட்டு கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எழுத்து. “ஏன் அண்ணி?” என்றாள். அந்தக் குரலில் பதினோரு வயது இருந்தது.

“நீ முதல்ல வந்த, நான் பத்தொன்பதாவது வந்தேன். கேக் வாங்கினாங்க” என்றாள் அண்ணி. இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

சிட்டு அழுவாள், கத்துவாள், தாள்களைக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தாள். தூக்கிவிடக் கை தயாராகக்கூட இருந்தது. சிட்டு மூக்கை உறிஞ்சினாள், ஒரு புது வெள்ளைத்தாள் எடுத்தாள், தூண்களைத் திரும்பவும் வரைந்தாள். உயரம் அதேதான், தலைப்பை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதினாள். எழுதிவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அண்ணி,” என்றாள் மெதுவாக, “இது முன்னைவிட நல்லாருக்கு.”

சிராய்ப்புகூட இல்லை. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

*

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் இயக்குநர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்றாம் கவுன்டருக்கான பாராட்டுச் சான்றிதழ், சுருட்டி ரிப்பன் கட்டியது. சிட்டு மேடை ஏறினாள்.

“இந்த ஆய்வு நேத்து சாயங்காலம் வரைக்கும் தப்பா இருந்துச்சு” என்று ஆரம்பித்தாள். “ஒரு எழுத்துக்கு நான் அர்த்தத்தைத் தப்பா எடுத்துக்கிட்டேன். ஒரே ஒருத்தரை, ஒரே ஒரு தடவை, அவங்க பாத்திரம் கழுவும்போது, அவங்க முகத்தைக்கூடப் பார்க்காம கேட்டேன். அது ஆய்வு முறை இல்லை. தப்பு என்னோடது.”

பின் வரிசையில் அண்ணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நன்றி வரவேண்டிய இடத்தில் வந்தது வேறு. பழியைக்கூட எவ்வளவு அழகாக எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள் பார்! சொன்னது பொய்யும் இல்லை. தன் வாயில் குற்ற ஒப்புதல் நேற்று எப்படி வந்தது? கேக் வாங்கினாங்க என்று வந்தது.

புதுத் தலைப்போடு தூண்கள் திரையில் ஏறின: ‘கணக்கில் வராமல் திருப்பப்பட்டவர்கள்.’ இயக்குநர் ரிப்பனை விரலில் சுற்றினார்.

“மூணாவது கவுன்டர்ல மட்டும் ஏன் இவ்வளவு?” என்றார்.

“அது பதிவேட்டுல இல்ல சார்” என்றாள் சிட்டு. “எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாது! சிட்டுவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அண்ணி முதல் தடவையாகக் கேட்டாள். அது அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

“எனக்குத் தெரியும்” என்றாள். “தகுதி இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டா விளக்கம் கேட்டு மெமோ வரும். எனக்கு ஆறாவது வருஷத்துல ஒண்ணு வந்துச்சு. தகுதி உள்ளவங்களைத் திருப்பினா ஒரு மெமோவும் வராது. மத்தவங்க கோவப்பட்டுத் திட்டி அனுப்புவாங்க. திட்டு வாங்கினவங்க சண்டை போடுவாங்க, அதிகாரிகிட்ட போவாங்க, வேலை நடந்துடும். நான் மரியாதையா சொல்லுவேன். மரியாதையா சொன்னா ஜனங்க சண்டை போடறதில்ல சார். திரும்பிப் போயிடறாங்க.”

யாரும் கை தட்டவில்லை. பேராசிரியை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். புதிதாக வகுப்பில் சேர்ந்த ஒருத்தியைப் பார்ப்பது போல.

இடம் சிட்டுவுக்குத்தான் கிடைத்தது. தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் ஆய்வாளர் அரிது என்று தேர்வுக் குறிப்பில் எழுதியிருந்தார்களாம். சான்றிதழை இயக்குநர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் அண்ணிக்கு இரண்டாவது மெமோ வந்தது.

*

மூன்று மாதம் கழித்து, நாற்பது வயது முடிந்த மறுநாள், அவளுடைய ஆய்வின் முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. சிவப்பு மையில், “அனுபவம் இருக்கிறது” என்று மட்டும் போட்டிருந்தது. வாதம் எங்கே என்ற கேள்வி இல்லை. அதன் கீழே, “இரண்டாம் அத்தியாயம் எப்போது?”

சிட்டு அதை மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நாலாவது மாடி எப்படி இருக்கு?” என்றாள் இங்கிருந்தே.

“ஃபேன் நல்லா ஓடுது” என்றாள் சிட்டு. பக்கம் புரளும் சத்தம். “ஒருத்தரும் வர மாட்டாங்க அண்ணி. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் முகம்கூடப் பார்க்கறதில்ல.” பிறகு, ரொம்பச் சாதாரணமாக: “அண்ணி, அந்தத் தையல்காரம்மா, ‘திருடின்னு எழுதறீங்களா’ன்னு கேட்டாங்களே. அந்த இடம். அதை நான் என் அறிக்கைல போட்டுக்கட்டுமா? உங்க பேரைக் கீழ போட்டுடறேன்.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழாதது போல ஒரு ‘ம்’ போதும்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்து நின்றாள்.

“கூடாது” என்றாள். “அது என்னோடது.”

சிட்டு தாளிலிருந்து நிமிர்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. “சும்மாதான் கேட்டேன்” என்று பென்சிலை உருட்டினாள். கண் மட்டும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த முகத்தை அண்ணிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அவளே போட்டுக்கொண்டு அலைந்த முகம். பாவமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. அதை மறைக்க அவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.